வெளிநாட்டு நிரந்தர வேலையும் மாத முடிவில் கையில் நிற்கும் காசும்

இங்கிலாந்தின் அரச வைத்தியசாலை ஒன்றில் நிரந்தரத் தாதியர் பதவி. ஆண்டுச் சம்பளம் 31,049 பவுண்ட்ஸ். இப்படியொரு நியமனக் கடிதம் யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு வீட்டுக்கு வந்தால் முதலில் நடப்பது பெருக்கல் கணக்குத்தான். பன்னிரண்டால் பிரித்து, ஒரு பவுண்ட் 400 ரூபா என்று பெருக்கினால் மாதம் பத்து இலட்சத்துக்கு மேல் வரும். அந்தத் தொகையைக் கேட்ட பிறகு வீட்டில் வேறு பேச்சு இருக்காது. காணியை ஈடு வைப்பதா, நகையை அடகு வைப்பதா என்பதுதான் அடுத்த கேள்வி.

கணக்கு பிழையானதல்ல, அரைவாசியில் நிற்கிறது. சம்பளத்தை ரூபாவாக்கிப் பார்க்கும் நாங்கள், அந்த ஊர் வாடகையையும் வரியையும் மின்கட்டணத்தையும் ரூபாவாக்கிப் பார்ப்பதில்லை. போக வாங்கும் கடனின் வட்டியும் கணக்கில் வருவதில்லை. இவை எல்லாம் போக மாத முடிவில் என்ன மிஞ்சும் என்பதை வைத்தே ஒரு வேலையை எடைபோட வேண்டும். அதைப் படிப்படியாகச் செய்து பார்ப்பதற்கே இந்தக் கட்டுரை.

பிரித்தானியாவில் தாதியர் பதவியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். அங்கு எமது உறவுகள் ஏராளம். அரச சம்பள அளவுத்திட்டமும் வரி வீதங்களும் பகிரங்கமானவை. வேறு தொழிலுக்கும் வேறு நாட்டுக்கும் இலக்கங்கள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. உயிர்ப் பாதுகாப்புக்காக நாட்டை விட்டுப் புறப்படுபவர்களின் கணக்கு வேறு. இது வேலைக்காகப் போவதா விடுவதா என்று யோசிப்பவர்களுக்கானது.

ஏன் இந்தக் கேள்வி இப்போது?

2022 ஆம் ஆண்டில் சில மாதங்களுக்குள் ஒரு டொலரின் விலை 200 ரூபா அளவிலிருந்து 360 ரூபாவுக்கு மேல் சென்றது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. வேலைக்காக வெளிநாடு சென்றதாக அவ்வாண்டு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவானவர்கள் மூன்று இலட்சத்துக்கும் அதிகம்.

பின்னர் விலை ஏற்றம் தணிந்தது, ஆனால் ஏறிய விலைகள் பழைய இடத்துக்கு இறங்கவில்லை. அரச துறையின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்த 2025 வரவுசெலவுத் திட்டம் வழிசெய்தது. தனியார் துறையின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபாவாகவும் 2026 ஜனவரியில் 30,000 ரூபாவாகவும் உயர்ந்தது. இந்தச் சம்பளங்களில் ஒரு குடும்பம் எப்படி வாழ்கிறது என்பதை வாசகர்களுக்கு நாங்கள் சொல்லத் தேவையில்லை.

வடக்கு கிழக்கில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, மீளக்குடியேறி, வீட்டுத்திட்டத்தில் பாதியும் கடனில் பாதியுமாகக் கட்டிய வீடுதான் பலருக்கு இருக்கும் ஒரே சொத்து. வெளிநாட்டுக்குப் போகும் செலவுக்கு ஈடாக வைக்கப்படுவதும் அதே வீடும் காணியும்தான். கணக்குப் பிழைத்தால் இழப்பதற்கு வேறு எதுவும் இல்லாத குடும்பங்கள் இவை.

முதற்படி: கைக்கு வரும் சம்பளம்

நியமனக் கடிதத்தில் இருப்பது மொத்தச் சம்பளம். 31,049 பவுண்ட்ஸ் என்பது இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் 2025–26 ஆம் ஆண்டுக்கான ஐந்தாம் தரத் தாதியரின் ஆரம்பச் சம்பளம். அதிலிருந்து பின்வருவன கழியும்.

வருமான வரி: ஆண்டுக்கு 12,570 பவுண்ட்ஸ் வரை வரி இல்லை. அதற்கு மேலுள்ள தொகையில் 20 வீதம்.

தேசிய காப்புறுதி: அதே 12,570 பவுண்ட்ஸுக்கு மேலுள்ள தொகையில் 8 வீதம்.

ஓய்வூதியப் பங்களிப்பு: இந்தச் சம்பள மட்டத்தில் 8.3 வீதம். இதற்கு வரிச் சலுகை உண்டு.

எல்லாம் கழிய மாதம் கைக்கு வருவது ஏறத்தாழ 1,980 பவுண்ட்ஸ். கடிதத்தின்படி மாதச் சம்பளம் 2,587 பவுண்ட்ஸ். ஆக, வீட்டு வாடகை கொடுக்க முன்னரே 600 பவுண்ட்ஸ் போய்விட்டது.

குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்பவருக்கும் இதே முறைதான். 2025 ஏப்ரலில் இந்த ஊதியம் 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவருக்கு மணிக்கு 12.21 பவுண்ட்ஸாக உயர்ந்தது. வாரம் 37.5 மணித்தியாலம் வேலை செய்தால் ஆண்டுக்கு 23,810 பவுண்ட்ஸ் அளவில் வரும். கழிவுகளுக்குப் பின்னர் மாதம் கைக்கு வருவது 1,660 பவுண்ட்ஸ் அளவு.

இரண்டாம் படி: அந்த ஊர்ச் செலவு

கீழே வரும் செலவுகள் கணக்குக்காக நாங்கள் எடுத்துக்கொண்ட தொகைகள். லண்டனுக்கு வெளியே, எமது மக்கள் வாழும் லெஸ்டர் போன்ற ஒரு நகரத்தை மனதில் வைத்துள்ளோம். ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் போன்ற லண்டன் பகுதிகளில் வாடகை இதைவிடக் கணிசமாக அதிகம். நீங்கள் போகும் ஊரில் இருப்பவரிடம் கேட்டு இந்தத் தொகைகளை மாற்றிக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகும் ஒருவருக்கு:

மின்சாரம், தண்ணீர் சேர்ந்த ஓர் அறை: 550
சாப்பாடு: 220
போக்குவரத்து: 80
தொலைபேசி: 15
உடுப்பு, மருந்து, இதர செலவு: 115
மொத்தம்: 980 பவுண்ட்ஸ்

1,980 இல் 980 போக மிஞ்சுவது 1,000 பவுண்ட்ஸ், அதாவது நான்கு இலட்சம் ரூபா. பத்து இலட்சம் என்று தொடங்கிய கணக்கு இங்கே நான்கில் வந்து நிற்கிறது. நான்கு இலட்சமும் சிறிய தொகை அல்ல. ஆனால் பத்து இலட்சத்தை நம்பி வாங்கும் கடனை நான்கு இலட்சத்தால் கட்டுவது வேறு விடயம்.

இப்போது அதே தாதி, துணைவரையும் பாடசாலை செல்லும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிச் செல்கிறார் என்று வைப்போம்.

இரண்டு அறை வீட்டு வாடகை: 1,000
கவுன்சில் வரி: 140
மின்சாரம், எரிவாயு, தண்ணீர்: 200
சாப்பாடு: 450
போக்குவரத்து: 120
தொலைபேசி, இணையம்: 50
பிள்ளைகளின் உடுப்பு, பாடசாலைச் செலவு: 80
மொத்தம்: 2,040 பவுண்ட்ஸ்

கைக்கு வருவது 1,980, செலவு 2,040. மாதம் 60 பவுண்ட்ஸ் துண்டு விழுகிறது. ஒரு சதமும் ஊருக்கு அனுப்பாமலே இந்த நிலை. துணைவர் வாரம் 25 மணித்தியாலம் குறைந்தபட்ச ஊதியத்தில் வேலை செய்தால் மாதம் ஏறத்தாழ 1,200 பவுண்ட்ஸ் மேலதிகமாக வரும். அப்போதுதான் குடும்பக் கணக்கு மூச்சு விடும். ஆகவே குடும்பமாகப் போவதென்றால் கேட்க வேண்டிய முதற்கேள்வி, துணைவர் எத்தனை மாதத்தில் வேலை எடுப்பார் என்பது. மொழி, அனுபவச் சான்று, பிள்ளைகளைப் பார்க்க ஆள் எல்லாம் அதற்குள் அடங்கும். அவர் வேலை எடுக்கும் வரையான மாதங்களுக்குக் கையில் காசு இருக்க வேண்டும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வேலை விசாவில் இருப்பவர்கள் பொதுவாக அரச நிதியுதவிகளைப் பெற முடியாது. ‘லண்டனில் பிள்ளைக்காசு தருவார்கள்’ என்று ஊரில் சொல்லப்படுவது வதிவிட உரிமை பெற்றவர்களின் கதை. பிள்ளைகள் அரச பாடசாலையில் இலவசமாகப் படிக்கலாம். ஆனால் மாதாந்தப் பிள்ளைக் கொடுப்பனவை வரவுப் பக்கத்தில் எழுத வேண்டாம்.

மூன்றாம் படி: போவதற்கான செலவு

பிரித்தானிய வேலை விசாக்களில் பொதுவானது திறன்சார் பணியாளர் விசா. இதற்கு விண்ணப்பிக்கும்போது விசாக் கட்டணத்துடன் சுகாதாரக் கட்டணமும் முற்பணமாக அறவிடப்படும். வளர்ந்தவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்ட்ஸ், 18 வயதுக்குட்பட்டவருக்கு 776 பவுண்ட்ஸ். பெற்றோர் இருவரும் பிள்ளைகள் இருவருமாக மூன்று ஆண்டு விசாவுக்கு இந்தக் கட்டணம் மட்டும் 10,866 பவுண்ட்ஸ், ஏறத்தாழ 43 இலட்சம் ரூபா. விமானம் ஏறுவதற்கு முன்னரே கட்ட வேண்டிய பணம் இது.

தாதியர், வைத்தியர் போன்றோருக்குரிய சுகாதார மற்றும் பராமரிப்புப் பணியாளர் விசாவில் இந்தச் சுகாதாரக் கட்டணம் இல்லை. விசாக் கட்டணமும் குறைவு. ஒரே நாட்டில் ஒரே சம்பளம் என்றாலும், எந்த விசா என்பதைப் பொறுத்துப் போகும் செலவில் பல பத்து இலட்சம் வித்தியாசம் வரலாம். கடிதத்தில் சம்பளத்தைப் பார்ப்பதற்கு முன்னர் விசா வகையைப் பாருங்கள்.

சேர்ந்த பின்னர் வீடு எடுக்கவும் காசு வேண்டும். இங்கிலாந்தில் பொதுவாக வாடகை வைப்பு ஐந்து வார வாடகைக்கு மேற்படக் கூடாது என்பது சட்டம். 1,000 பவுண்ட்ஸ் வீட்டுக்கு முதல் மாத வாடகையும் வைப்பும் சேர்த்து 2,150 பவுண்ட்ஸ் அளவு. முதல் சம்பளம் வரும் வரை சாப்பாடு, குளிருடுப்பு, கட்டில் மெத்தை எல்லாம் வேறு.

வேலை எடுத்துத் தருவதற்காகத் தொழிலாளியிடம் முகவர் பணம் அறவிடுவது பிரித்தானியச் சட்டப்படி குற்றம். தொழில் வழங்குநர் ஸ்பொன்சர் சான்றிதழுக்குச் செலுத்தும் கட்டணத்தைத் திறன்சார் பணியாளரிடமிருந்து திரும்ப அறவிடவும் அனுமதி இல்லை. ஆகவே ‘ஸ்பொன்சருக்கு இவ்வளவு இலட்சம்’ என்று யாராவது கேட்டால், அந்த வேலை உண்மையானதா என்று அதே இடத்தில் சந்தேகிக்க வேண்டும்.

நான்காம் படி: கடனும் வட்டியும்

முப்பது இலட்சம் ரூபாவை ஊரில் நூற்றுக்கு மூன்று மாத வட்டிக்கு எடுத்ததாக வைப்போம். மாத வட்டி மட்டும் 90,000 ரூபா.

தனியாகப் போனவர் மிச்சமாகும் நான்கு இலட்சத்தில் மூன்று இலட்சத்தைக் கடனுக்கே அனுப்பினால் ஒரு வருட அளவில் கடன் தீரும்.

அவர் மாதம் ஓர் இலட்சம்தான் அனுப்ப முடிகிறது என்றால், முதல் மாதத்தில் முதலில் குறைவது வெறும் 10,000 ரூபா. இந்த வேகத்தில் கடன் தீர ஆறரை வருடம் எடுக்கும். வட்டியும் முதலுமாகக் கட்டி முடிப்பது 78 இலட்சத்துக்குக் கிட்ட.

இரண்டு பேருக்கும் வேலை ஒன்று, சம்பளம் ஒன்று, கடன் ஒன்று. மாத மிச்சம்தான் வேறு. முதல் வருடம் தனியாகப் போய்க் கடனைத் தீர்த்துவிட்டுக் குடும்பத்தை அழைப்பதா, ஒன்றாகப் போவதா என்ற முடிவில் இந்த வித்தியாசம் கட்டாயம் இடம்பெற வேண்டும். பிரிவின் கனம் வேறு, அதை அந்தக் குடும்பம்தான் எடைபோட முடியும். ஆனால் காசுக் கணக்கு இது.

நகையை அடகு வைப்பதற்கும் காணியை ஈடு வைப்பதற்கும் பாரிய வித்தியாசம் உண்டு. நகை போனால் துயரம்தான், ஆனாலும் இருக்க வீடு இருக்கும். காணி உறுதியை எழுதிக் கொடுத்தால் பெற்றோர் இருக்கும் கூரையையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கிறீர்கள். ‘ஈடு’ என்று சொல்லி விற்பனை உறுதியில் கையெழுத்து வாங்கும் கடன்காரரும் உள்ளனர். கையெழுத்து வைக்க முன்னர் கடன் கொடுப்பவரின் நொத்தாரிசிடம் அல்லாமல், உங்களுக்கென்று ஒரு சட்டத்தரணியிடம் அந்த உறுதியைக் காட்டுங்கள். வன்னியில் பலரிடம் இருப்பது அரச அனுமதிப்பத்திரக் காணி. பிரதேச செயலாளரின் அனுமதியின்றி அதைக் கைமாற்ற முடியாது. அந்தப் பத்திரத்தைக் கொடுத்துக் கடன் வாங்குவது இரண்டு பக்கத்துக்கும் வில்லங்கம்.

‘நிரந்தரம்’ என்ற சொல்

எமது பேச்சு வழக்கில் ‘பேர்மனன்ற்’ என்ற ஒரு சொல் இரண்டு வெவ்வேறு விடயங்களைக் குறிக்கிறது. ஒன்று நிரந்தர வேலை, மற்றது நிரந்தர வதிவிடம். முதலாவது கிடைத்தால் இரண்டாவதும் கிடைத்ததாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

நிரந்தர வேலை என்றால் ஒப்பந்தத்தில் முடிவுத் திகதி இல்லை என்பது மட்டுமே. விசாவில் முடிவுத் திகதி இருக்கிறது. அந்த விசா உங்கள் தொழில் வழங்குநரின் ஸ்பொன்சர் உரிமத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. வேலை போனாலோ அவருடைய உரிமம் இரத்தானாலோ பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு ஸ்பொன்சரைத் தேட வேண்டும், அல்லது நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2022 இல் பிரித்தானியா பராமரிப்பாளர் வேலைக்கு விசா வழியைத் திறந்தபோது, இலங்கையிலிருந்தும் பலர் கடன்பட்டுப் போனார்கள். 2022 இற்கும் 2024 இற்கும் இடையில் அந்தத் துறையில் 470 இற்கும் மேற்பட்ட தொழில் வழங்குநர்களின் ஸ்பொன்சர் உரிமங்கள் இரத்துச் செய்யப்பட்டதாக பிரித்தானிய அரசே அறிவித்தது. அவர்களிடம் வேலைக்கு வந்தவர்களின் கையில் இருந்ததும் வேலைக் கடிதங்கள்தான். 2024 மார்ச் 11 முதல் பராமரிப்பாளர்கள் குடும்பத்தினரை அழைத்துவர முடியாமல் போனது. 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து புதிதாகப் பராமரிப்பாளர்களை எடுக்கும் வழியே மூடப்பட்டது. அதன் பின்னரும் ‘கெயார் விசா’ என்று பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார்.

அதே நாளில் திறன்சார் பணியாளர் விசாவுக்கான பொதுவான குறைந்தபட்சச் சம்பளம் 41,700 பவுண்ட்ஸாக உயர்ந்தது. பெரும்பாலான வேலைகளுக்குப் பட்டதாரித் தரமும் கட்டாயமாயிற்று. தேசிய சம்பள அளவுத்திட்டத்துக்குட்பட்ட சுகாதாரப் பதவிகளுக்குச் சம்பள எல்லை இதைவிடக் குறைவு. கடை, உணவகம், களஞ்சியம் போன்ற இடங்களில் ‘ஸ்பொன்சர் வேலை’ என்று வரும் கடிதங்களை இந்த இரண்டு அளவுகோல்களோடும் ஒப்பிட்டாலே பாதி உண்மை தெரியவரும்.

வதிவிட உரிமைக்குத் திறன்சார் பணியாளர்கள் விண்ணப்பிக்க ஐந்து ஆண்டுகள் என்பதே நீண்ட காலமாக இருந்துவந்த விதி. இதைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளாக உயர்த்தும் யோசனையை 2025 மே மாத வெள்ளை அறிக்கை முன்வைத்தது. அந்த ஆண்டு நவம்பரில் வெளியான ஆலோசனை ஆவணம், பராமரிப்பாளர் போன்ற வேலைகளில் இருப்போருக்கு 15 ஆண்டுகள் என்று முன்மொழிந்தது. போகும் நாளில் இருக்கும் விதி, விண்ணப்பிக்கும் நாளிலும் இருக்கும் என்று கணக்குப் போட முடியாது. வதிவிட உரிமைக்கான கட்டணமும் 2025 ஏப்ரலில் ஆளுக்கு 3,029 பவுண்ட்ஸாக உயர்ந்தது. நால்வருக்கு 12,116 பவுண்ட்ஸ். ஐந்து ஆண்டுகளில் அதைச் சேர்க்க மாதம் 200 பவுண்ட்ஸ் ஒதுக்க வேண்டும். குடும்பக் கணக்கில் இதற்கும் ஒரு வரி போடுங்கள்.

ஐந்தாம் படி: நீங்கள் இல்லாத வீட்டின் செலவு

அங்குள்ள செலவை எழுதிய பிறகு இங்குள்ள செலவையும் எழுத வேண்டும். வெளிக்கிடும் அவசரத்தில் இது மறந்துபோகும்.

தகப்பனுக்குச் செல் விழுந்ததில் கால் போயிருக்கலாம். தாய்க்கு நீரிழிவு இருக்கலாம். காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாய்க்கு, மிஞ்சியிருக்கும் பிள்ளைதான் கிளினிக்குக்கும் போராட்டப் பந்தலுக்கும் கூட்டிப்போகும் துணையாக இருக்கலாம். அந்தப் பிள்ளை போனால் அந்த வேலையை யார் செய்வார்? கூலிக்கு ஆள் வைத்தால் மாதம் எவ்வளவு? அதையும் மிச்சத்திலிருந்து கழியுங்கள். ஆளே கிடைக்காது என்றால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

அரச வேலையில் இருப்பவர் விலக நேர்ந்தால் ஓய்வூதியமும் பணிமூப்பும் செலவுப் பக்கத்தில் வரும். 2022 நெருக்கடியின்போது வெளியான 14/2022 ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை, பணிமூப்புக்கும் ஓய்வூதியத்துக்கும் பாதிப்பின்றி ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல இடமளித்தது. உங்கள் சேவைக்கும் பதவிக்கும் விடுமுறை உண்டா என்பதைத் திணைக்களத்திடமிருந்து எழுத்தில் பெற்ற பின்னரே பயணச்சீட்டு எடுங்கள். சொல்லாமல் போனால் ‘பதவியை விட்டு விலகியவர்’ ஆகிவிடுவீர்கள். தனியார் துறையில் இருப்பவருக்கு ஊழியர் சேமலாப நிதியில் தொழில் வழங்குநர் போடும் 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியின் 3 வீதமும் நின்றுபோகும்.

சட்ட விடயங்களில் இரண்டைப் புறப்படுவதற்கு முன்னர் முடிக்க வேண்டும். முதலாவது, அற்றோனித் தத்துவம். தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் தேவை. கணவன் வெளிநாட்டில் இருந்தால் சிறிய காணி வேலைகூட மாதக்கணக்கில் இழுபடும். நம்பிக்கையான ஒருவருக்கு, எந்த வேலைக்கு என்று எல்லை குறித்து, அற்றோனித் தத்துவம் எழுதிப் பதிந்துவிட்டுப் போங்கள். எல்லா அதிகாரமும் கொடுத்து எழுத வேண்டாம்.

இரண்டாவது, குடியுரிமை. பின்னாளில் பிரித்தானியக் குடியுரிமை பெற்றால் இலங்கைக் குடியுரிமை இழக்கப்படும், இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்துப் பெற்றாலன்றி. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவர் பெயருக்குக் காணி மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. உழைத்த காசில் ஊரில் காணி வாங்கும் எண்ணம் இருப்பவர்கள் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகளில்

கட்டார், ஐக்கிய அரபு இராச்சியம், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. தங்குமிடமும் சாப்பாடும் தொழில் வழங்குநர் கொடுத்தால், சிறிய சம்பளத்திலும் பெரும் பங்கு மிஞ்சலாம். ஆனால் சாதாரணத் தொழிலாளிக்கு அங்கே நிரந்தர வதிவிடம் இல்லை. எத்தனை வருடம் உழைத்தாலும் ஒருநாள் திரும்பி வர வேண்டும் என்று வைத்தே கணக்குப் போட வேண்டும்.

கனடாவில் வருகையாளர் விசாவில் வந்தவர்கள் நாட்டுக்குள் இருந்தபடியே வேலை அனுமதி கோரும் தற்காலிக ஏற்பாடு 2024 ஓகஸ்ட் 28 உடன் நிறுத்தப்பட்டது. ‘விசிட் விசாவில் போய் வேலை விசாவாக மாற்றலாம்’ என்ற பேச்சு பழைய கதை. எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலைக் கடிதத்துக்குக் கிடைத்துவந்த மேலதிகப் புள்ளிகளும் 2025 மார்ச் 25 முதல் நீக்கப்பட்டன. வெளிநாட்டுத் தொழிலாளரை எடுப்பதற்கான தொழிற்சந்தை மதிப்பீட்டுக் கட்டணமான 1,000 டொலரைத் தொழில் வழங்குநரே செலுத்த வேண்டும். அதைத் தொழிலாளியிடம் அறவிட முடியாது. ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்டோபரில் மணிக்கு 17.60 டொலராக உயர்ந்தது. ஸ்காபரோவிலோ பிரம்டனிலோ இருக்கும் உறவினரிடம் நிலக்கீழ் வீட்டு வாடகையைக் கேட்டு மேலே சொன்ன படிகளின்படி கணக்கிடுங்கள்.

கடிதம் வந்தால் செய்ய வேண்டியவை

ஒரு கொப்பித் தாளை நடுவில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் இங்கே இப்போது மாதம் மிஞ்சுவது. மறுபக்கம் அங்கே வரி, வாடகை, சாப்பாடு, இங்குள்ள வீட்டின் மேலதிகச் செலவு, வதிவிட உரிமைக்கான சேமிப்பு எல்லாம் போக மிஞ்சுவது. இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம்தான் நீங்கள் கடல் கடந்து போவதற்குக் கிடைக்கும் உண்மையான சம்பளம்.

அந்த வித்தியாசத்தால் மொத்தக் கடனைப் பிரியுங்கள். வருவது கடன் தீர எடுக்கும் மாதங்கள், வட்டியைச் சேர்த்தால் இன்னும் கூடும். அது விசாக் காலத்தின் பாதிக்குள் அடங்கினால் இடையில் ஒரு தடங்கல் வந்தாலும் சமாளிக்கலாம். விசா முடியும் திகதியையும் தாண்டினால், அந்தக் கடனோடு போகக் கூடாது.

தொழில் வழங்குநரின் பெயர் பிரித்தானிய அரசின் இணையத்தளத்திலுள்ள உரிமம் பெற்ற ஸ்பொன்சர் பட்டியலில் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். பட்டியலில் பெயர் இருப்பது மட்டும் போதாது, நிறுவனத்தின் உத்தியோகபூர்வத் தொலைபேசிக்கோ மின்னஞ்சலுக்கோ தொடர்புகொண்டு கடிதத்தை உறுதிப்படுத்துங்கள். இலங்கையில் முகவர் என்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் செல்லுபடியான உரிமம் இருக்க வேண்டும். பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து விசாரிக்கலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் ஒரு ரூபாவும் கொடுக்க வேண்டாம்.

ஒப்பந்தத்தில் நான்கு இடங்களை வாசியுங்கள்: வாரத்துக்கு உறுதியளிக்கப்பட்ட வேலை நேரம், தகுதிகாண் காலம், தங்குமிடத்துக்காகச் சம்பளத்தில் கழிக்கும் தொகை, இடையில் விலகினால் திருப்பிக் கட்ட வேண்டிய பணம். வேலை நேரம் உறுதி செய்யப்படாத ஒப்பந்தத்தில் ஆண்டுச் சம்பளம் என்று எழுதியிருப்பதற்குப் பெறுமதி இல்லை.

கடைசியாக, அங்கே இருக்கும் உறவினரிடம் ‘சம்பளம் எவ்வளவு’ என்று கேட்பதை விட்டு, ‘போன மாதம் எல்லாம் கட்டின பிறகு கையில எவ்வளவு நின்றது’ என்று கேளுங்கள். சம்பளத்தைக் கூட்டிச் சொல்பவரும் இந்தக் கேள்விக்கு உண்மையைச் சொல்லக்கூடும். அவர் சொல்லும் தொகையைத் தாளின் மறுபக்கத்தில் எழுதி, வீட்டில் எல்லோரையும் இருத்தி வாசித்துக் காட்டுங்கள். காணி உறுதியில் கையெழுத்து வைக்கப்போகும் தாயும் தகப்பனும் அந்தக் கணக்கை அறிந்திருக்க வேண்டும்.